மாதா பெட்டியின் கீழ் அறை

செபமாலையின் மூன்றாவது பத்தைச் சொல்லிக்கொண்டிருந்தோம். என் வீட்டு முன்னறையில் அன்பியத்து ஆட்கள், ஒன்றாகச் செபிக்கும் அக்கம்பக்கத்துக் குடும்பத்தார், நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வெளியே தூறல். எல்லோருடைய ஸ்வெட்டரும் லேசாக ஈரம் வாங்கியிருந்ததால் அறை முழுக்கக் கம்பளி வாசனை. அதன் மேல் மெழுகுவர்த்தி வாசனை. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

கறுக், கறுக். ஒரு நிறுத்தம். மறுபடியும் கறுக்.

மேசை மேல் மாதா பெட்டி இருந்தது. சத்தம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. பெட்டிக்குப் பின்னால் என் வீட்டுச் சுவர். சுவருக்குள் எலி என்று நினைத்தேன். காது இரண்டும் சுட்டன.

என் கணவர் சவரி ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் மெழுகுவர்த்தியைப் பார்த்தேன். செபத்தை முன்னின்று சொல்லிக்கொண்டிருந்த பிலோமினாக்கா திடீரென்று குரலை உயர்த்தினார். அவர் சொன்ன "அருள் நிறைந்த மரியே" அடுத்த லயத்து வரிசை வீடுகளுக்கே கேட்டிருக்கும். மற்றவர்களும் அவருக்கு ஈடாகச் சத்தம் போட்டார்கள். பெட்டிப் பக்கத்துச் சத்தம் அதில் அமுங்கிப்போனது.

வீட்டுக்காரி சங்கடப்படக் கூடாது என்று எல்லோரும் சேர்ந்து என் மானத்தைக் காப்பாற்றுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். நன்றியாகத்தான் இருந்தது. ஆனாலும் மிச்சமிருந்த செபம் முழுவதும் நான் தலை நிமிரவில்லை.

வீடு வீடாக வரும் பெட்டி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம்தான். அக்டோபரில், செபமாலை மாதத்தில், மாதா சுரூபம் ஒரு மரப்பெட்டியில் வீடு வீடாக வரும். ஒவ்வொரு வீட்டிலும் மூன்று நாள் தங்கும். சாயங்காலம் எல்லோரும் அந்த வீட்டில் கூடுவோம். செபம் முடிந்ததும் அவித்த கடலையோ மரவள்ளிக்கிழங்கோ, சுடச்சுடத் தேநீரோடு கிடைக்கும்.

பெட்டிக்கு இரண்டு அடுக்கு. மேலே கண்ணாடிக் கதவுக்குள் சுரூபம். கீழே ஓர் இழுப்பறை. அதற்குள் துணிப்பை. உலை வைக்கும்போது ஏழைகளுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். பெட்டி வந்திருக்கும் வீட்டில் அந்தப் பிடியரிசியை முன்பக்கத் துவாரம் வழியாக உள்ளே போடுவார்கள். மாதக் கடைசியில் பை நிறைந்ததும், தொழிற்சாலைக்குப் பின்னால் தனியாக இருக்கும் சூசைத் தாத்தாவுக்குப் போய்ச் சேரும்.

இழுப்பறைக்கு ஒரு சின்னப் பூட்டு உண்டு. சாவி அன்பியத் தலைவி பிலோமினாக்காவின் சங்கிலியில் ஊக்கோடு தொங்கும். வேறு யாரும் திறப்பதில்லை.

வருடத்தின் மற்ற மாதங்களில் பெட்டி என் வீட்டுச் சாமான் அறையில் இருக்கும். எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தபோது, "ரீத்தா வீட்டுலதான். அங்கதான் ஒரு தூசி தும்பு இருக்காது" என்று எல்லோரும் சொன்னார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

கதவில் சாக்பீஸ் கோடு

இந்தப் பத்திரிகையில் என் வாரப் பத்தியில், தொழிற்சாலைச் சங்கைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்த ஒரு வாசகர், "நீங்கள் ஏன் எல்லாவற்றையும் இப்படி அடுக்கி அடுக்கிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, தோட்டத்து டிரெசர் லயங்களைப் பார்வையிட வருவார். தோட்ட மருத்துவமனையில் மருந்து கொடுப்பவர் அவர். கூடவே அலுவலகக் கணக்கு எழுதும் ஒரு கிராணியும் வருவார். அடுப்படியில் எட்டிப் பார்ப்பார்கள், பாயைத் தூக்கிப் பார்ப்பார்கள். வீடு சுத்தமில்லை என்றால் கதவில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு. திரும்ப வந்து பார்த்துத் திருப்தியானால்தான் டிரெசரே அதைத் துடைப்பார். நாமாகத் துடைக்கக் கூடாது.

ஒருமுறை எங்கள் கதவில் கோடு விழுந்தது. விறகுக்குப் பின்னால் எலிப் புழுக்கை கிடந்ததாம். அம்மா அன்று முழுவதும் விறகை வெளியே எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். மழைச் சாரல் பட்டு அந்தக் கோடு அழிந்துவிடாதா என்று நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கதவுக்கு மேல் கூரை நன்றாக நீட்டியிருந்தது. சாரல் படவில்லை.

இன்று நானே அதே தோட்டத்து அலுவலகத்தில் கிராணி. இப்போது யாரும் லயத்தில் வந்து பாயைத் தூக்கிப் பார்ப்பதில்லை. நான் மட்டும் என் வீட்டில் தினமும் தூக்கிப் பார்க்கிறேன்.

நான் எடுத்த வகுப்பு

இது நடந்த வருடத்தின் நடுவில் என் சாமான் அறைக்குச் சுண்டெலி வந்தது.

முதலில் தெரிந்தது சவரியின் மஃப்ளர்தான். கிளிப்பச்சை நிறத்தில் நானே பின்னிக் கொடுத்தது. திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு லாரி ஓட்டுகிறவர் அவர். விடிகாலைப் பனிக்கு அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு போவார். "ஹெட்லைட்டே வேணாம்லா, சவரி கழுத்து போதும்" என்று எங்கள் ஊர் "லா"வை ஒட்டிக் கூட்டாளிகள் கிண்டல் செய்வார்கள். அந்த மஃப்ளரின் ஒரு முனை காணாமல் போயிருந்தது. கத்தரித்து எடுத்த மாதிரி இல்லை. பிய்த்துப் பிய்த்து எடுத்த மாதிரி.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை சாமான் அறையைக் காலி செய்தேன். சுண்டெலிக்குப் பென்சில் நுழைகிற ஓட்டை போதும். கேஸ் குழாய் வரும் இடம், தண்ணீர்க் குழாய் போகும் இடம், கதவடி, கூரையும் சுவரும் சேரும் மூலை என்று ஒவ்வோர் இடமாக டார்ச் அடித்துப் பார்த்தேன். இடுக்கில் எல்லாம் பாத்திரம் தேய்க்கும் இரும்புப் பஞ்சைத் திணித்து, மேலே சிமெண்டு பூசினேன். பின்சுவரில் சாய்த்து அடுக்கியிருந்த தேயிலைக் கட்டை விறகை முற்றத்துக்கு மாற்றினேன். அரிசி, பருப்பு எல்லாம் மூடி போட்ட டின்னுக்குள் போயின. மாதா பெட்டியையும் வெளிப்புறம் நன்றாகத் துடைத்து அரிசி டின்னுக்குப் பக்கத்தில் திரும்ப வைத்தேன்.

அதற்குப் பிறகு அறையில் புழுக்கை இல்லை. ஓரிரண்டு முறை இரவில் ஏதோ சுரண்டுகிற சத்தம் கேட்டதாக சவரி சொன்னார். கூரையில் காற்று என்று நான் சொன்னேன். அக்டோபர் பிறந்ததும் அதுவும் நின்றது.

எலி வந்தபோது மூடியிருந்த வாய், எலி போனதும் திறந்துகொண்டது. பூசை முடிந்து வரும் வழியிலும், கடையிலும், அலுவலகத்தில் சம்பளச் சீட்டு வாங்க வந்தவர்களிடமும் இரும்புப் பஞ்சைப் பற்றியே பேசினேன்.

"எலிக்கே நோட்டீஸ் குடுத்து அனுப்பிட்டா என் பொண்டாட்டி" என்று சவரி சொல்வார்.

நான் சிரித்துவிட்டு, ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்வேன். அதை இங்கே எழுதக் கை கூசுகிறது. "ஒரு வீட்டுக்கு எலி வருதுன்னா எலி மேல தப்பில்ல. வீட்டுக்காரி மேலதான் தப்பு."

சாவி

பெட்டி வந்த மறுநாள் காலையில், அலுவலகம் போவதற்கு முன் மேசையை நகர்த்தினேன். சுவரை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

பிறகு பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். கீழ் மூலையில், சுவரைப் பார்த்த பக்கத்தில் ஓர் ஓட்டை. ஓரம் வெள்ளையாக, மரம் புதிதாகக் கடிபட்டிருந்தது. மேசை விரிப்பில் கருஞ்சீரகம் கொட்டின மாதிரி புழுக்கை.

அந்த நேரத்தில் எனக்கு வந்தது அருவருப்பு இல்லை. சந்தோஷம். எலி என் வீட்டு எலி இல்லை. பெட்டியோடு வந்த எலி. பெட்டி எங்கிருந்து வந்தது? பிலோமினாக்கா வீட்டிலிருந்து.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அக்கா, பெட்டி சாவி கொஞ்சம் வேணும்."

"எதுக்கு?"

"கீழ விரிப்பு மாத்தலாம்னு."

"மாசக் கடைசிக்கு முன்னாடி தொறக்கறதில்லியே."

"இல்ல, கொஞ்சம் தூசி மாதிரி..."

"தூசியா? என் வீட்டுல இருந்தப்ப தூசி இல்லியே, ரீத்தா."

அப்படிச் சொல்லிக்கொண்டே அவர் காலால் எதையோ கதவுக்குப் பின்னால் தள்ளினார். தள்ளும்போது கம்பி தரையில் உரசியது. எலிப்பொறி. புதியது, விலைச் சீட்டுகூட உரிக்கவில்லை. நான் பொறியைப் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"மாசம் முடியட்டும். நானே வந்து தொறக்கிறேன்லா" என்றார், கீரையைப் பார்த்துக்கொண்டே.

"சரிக்கா."

அலுவலகத்துக்கு நடந்தபோது மனம் லேசாக இருந்தது. என்னைவிட மூத்தவர், அன்பியத் தலைவி. அவர் வீட்டுக் கதவில் நான் மனத்துக்குள் ஒரு கோடு போட்டுவிட்டேன். அதுதான் உண்மை.

தொட்டில் பக்கம்

அன்று சாயங்காலமும் செபம் நடந்தது. கறுக் சத்தமும் வந்தது. எல்லோர் குரலும் உயர்ந்தது. முடிந்து கடலை கொடுத்துக்கொண்டிருந்தபோது ஜெசிந்தா பக்கத்தில் வந்து நின்றாள். என் வீட்டுக்கு அடுத்து, கடைசியாகப் பெட்டி போக வேண்டியது அவள் வீட்டுக்கு. அவளுக்குப் பிள்ளை பிறந்து இன்னும் ஞானஸ்நானம்கூட ஆகவில்லை.

"அக்கா, எங்க வீடு சின்னது. பெட்டி வைக்க எடமே இல்ல. தொட்டில் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு வெக்கலாமா? மாதா பக்கத்துலயே பாப்பா தூங்கட்டும்னு அவர் சொல்றாரு."

"தொட்டில் பக்கத்துலயா?"

"ஏன்க்கா, கூடாதா?"

"கூடாதுன்னு இல்ல..."

பெட்டிக்குள் எலி என்று சொன்னால், "யார் வீட்டு எலி?" என்ற கேள்வி வரும். பிலோமினாக்கா வீடு என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. சொல்லாவிட்டால் என் வீடு என்று ஆகும். அது அதைவிட முடியாத காரியம். ஊருக்கெல்லாம் வகுப்பு எடுத்தவள் நான்.

ஜெசிந்தா குழந்தையின் கையைத் துணிக்குள் மூடினாள். பால் வாசனை அடிக்கும் கை. சுண்டெலிக்குப் பால் வாசனை பிடிக்கும் என்பதைக்கூட நான் அந்த வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்குள் வந்ததும் சவரியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"இத ஏன் நீ நேத்தே சொல்லல?"

"மாலுலா" என்றேன். வெட்கத்துக்கு மலாய்க்காரர்கள் சொல்கிற வார்த்தைதான் எங்கள் வாயிலும் முதலில் வரும்.

"பச்சப் புள்ள வெரல எலி கடிச்சா அப்ப மாலு இருக்காதா?" என்று கேட்டுவிட்டு, லாரி டயருக்குக் காற்றுப் பார்க்கப் போய்விட்டார்.

மன்றாட்டு

மூன்றாம் நாள் சாயங்காலம். செபம் முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜெசிந்தா வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கு முன் மன்றாட்டு. யார் வேண்டுமானாலும் வாய்விட்டு ஒரு வேண்டுதல் சொல்லலாம். சொல்லி முடித்ததும் எல்லோரும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்பார்கள்.

ஒருவர் முழங்கால் வலிக்காகச் சொன்னார். இன்னொருவர் மகளின் பரீட்சைக்காக. பிலோமினாக்கா முடிவு செபத்துக்கு வாயெடுத்தார்.

"எங்க வீட்டுல எலி இருக்கு" என்றேன்.

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"பெட்டிக்குள்ளயும் இருக்கு. எங்க வீட்டுல இருந்துதான் போயிருக்கணும். ஜெசிந்தா கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாம இருக்கணும்னு... ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

மூலையிலிருந்து சவரி மட்டும், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்.

அந்த நேரத்தில் எனக்குள் இன்னொன்றும் இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும். பிலோமினாக்கா வீட்டுப் பழியை என் தலையில் போட்டுக்கொண்டேனே என்று ஒரு பெருமிதம். அவர் என்னைப் பார்ப்பார், அவருக்குப் புரியும் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன்கூட.

அப்போது ஆரோக்கியம் தொண்டையைச் செருமினான். லயத்தின் முதல் வீட்டுக்காரன். அக்டோபர் தொடக்கத்தில் பெட்டி முதலில் போனது அவன் வீட்டுக்குத்தான்.

"எங்க வீட்டுலயும் இருக்குக்கா. பெட்டி போனப்பறமும் இருக்கு. சோப்புக்கட்டிய முழுசா தின்னுட்டு போயிருச்சு."

"சோப்பாவது பரவால்ல, என் மருமக கல்யாண முக்காட்டத் தின்னுருச்சு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அலாமாக், ஒங்க வீட்டுலயுமா? நான் எங்க வீட்டுல மட்டுந்தான்னு..."

"நானும் அப்படித்தான்லா நெனச்சேன்! செபத்துல சத்தம் கேக்கறப்பல்லாம், ஐயோ என் செவுத்துலதான் கேக்குதுன்னு தொண்ட கிழியக் கத்துனேன்!"

சிரிப்பு வெடித்தது. எல்லோர் வீட்டிலும் அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. எல்லோரும் அவரவர் வீட்டு எலி என்று நம்பி, அடுத்தவர் காதில் விழாமல் இருக்கத்தான் குரலை உயர்த்தியிருக்கிறார்கள். என் வீட்டில் உயர்த்தியது என் மானத்துக்காகத்தான். தாங்களும் பட்டவர்களுக்கு அந்தச் சங்கடம் தெரிந்திருந்தது.

"அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா மொத வீட்டோட முடிஞ்சிருக்குமே" என்று யாரோ சொன்னார்.

"எங்க சொல்றது?" என்றான் ஆரோக்கியம். சிரித்த முகம் மாறாமல்தான் சொன்னான். "ரீத்தாக்கா காதுல விழுந்தா வீட்டுக்காரி மேல தப்புன்னு சொல்லுவாங்க. எம் பொண்டாட்டி அதுக்கே அழுதா."

சிரிப்பு அப்படியே நின்றது. அவன் மனைவி அவன் முழங்கையைக் கிள்ளினாள். நான் தேநீர்க் கிளாஸ்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன். காலி கிளாஸ்கள் இல்லை. தேநீர் இன்னும் ஊற்றாத கிளாஸ்கள். ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

பிலோமினாக்கா எழுந்தார். சங்கிலியிலிருந்து ஊக்கைக் கழற்றிச் சாவியை மேசை மேல் வைத்தார்.

"இப்ப தொறந்தா வீடு பூரா ஓடும். காலையில வெளிய வச்சுப் பாத்துக்கலாம். மாதாவ மட்டும் தூக்கிட்டு போலாம் வாங்க."

சுரூபத்தைத் துண்டில் சுற்றித் தன் மார்போடு அணைத்துக்கொண்டு தூறலில் இறங்கினார். ஜெசிந்தா குழந்தையை அணைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். எல்லோரும் பின்னால் பாடிக்கொண்டு போனோம். சவரி வீட்டிலேயே நின்று, பெட்டியைப் பின்புறம் கொண்டுபோய் ஓட்டையில் இரும்புப் பஞ்சைத் திணித்தார்.

கிளிப்பச்சை

மறுநாள் காலை முற்றத்தில், விறகு அடுப்புக்குப் பக்கத்தில் பெட்டியைத் திறந்தோம். குளிக்கத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. பனி இன்னும் விலகவில்லை. தொழிற்சாலையில் தேயிலை வறுபடும் வாசனை பனியோடு கீழே இறங்கியிருந்தது. நாங்கள் மூவர்தான்: பிலோமினாக்கா, சவரி, நான்.

இழுப்பறையை இழுத்ததும் தாய் எலி பாய்ந்து வேலியைத் தாண்டி ஓடியது. உள்ளே, பிடியரிசிப் பைக்குப் பின்னால் ஒரு கூடு. ரோஜா நிறக் குஞ்சுகள், கண் திறக்காதவை. சவரி அவற்றை முறத்தில் எடுத்துக்கொண்டு தேயிலைச் சரிவுப் பக்கம் போனார். என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

அரிசியைக் கொட்டியாகிவிட்டது. கூட்டையும் அப்படியே கொட்டியிருக்கலாம். எனக்கு அப்படிக் கொட்டத் தெரியாது. ஒரு குச்சியால் பிரித்தேன். அடுக்கடுக்காக வந்தது. மேலே பிலோமினாக்கா வீட்டு ஜன்னல் திரையின் நீல நூல். அடுத்து வெள்ளை வலைத்துணி, கல்யாண முக்காடு. அதன் கீழே யாரோ ஒருவர் வீட்டு நாளிதழ்த் துணுக்கு. அதற்கும் கீழே ஆரோக்கியம் வீட்டுச் சோப்பு உறை. பெட்டி போன வீடுகள் எல்லாம், போன வரிசையிலேயே, கடைசியிலிருந்து முதலுக்கு.

முதல் வீட்டுக்கும் கீழே இன்னோர் அடுக்கு இருந்தது. கெட்டியாக, மரத்தோடு ஒட்டியிருந்தது. குச்சியால் நெம்பினேன்.

கிளிப்பச்சைக் கம்பளி.

என் சாமான் அறையிலிருந்து எலி எங்கும் போகவில்லை. நான் ஒவ்வோர் ஓட்டையாக அடைத்தேன். வெளியேற வழியில்லாத எலி அரிசி டின்னுக்குப் பக்கத்தில் ஒரு புது ஓட்டை போட்டுக்கொண்டது. நான் வெளிப்புறம் மட்டும் துடைத்த பெட்டியில், சுவரைப் பார்த்த பக்கத்தில். உள்ளே முந்தின வருடம் சிந்திய அரிசியும் இருந்திருக்கும். அதற்குள் குடியேறி, அக்டோபர் பிறந்ததும் மாதாவோடு கிளம்பிவிட்டது. முந்தின நாள் நான் பெருமையோடு சுமந்த பழி என்னுடையதேதான்.

நிமிர்ந்தேன். பிலோமினாக்கா கம்பளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் அந்த மஃப்ளரை அறியாதவர் கிடையாது.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அப்பால் ஜெசிந்தா வந்தாள். "என்னாக்கா, கெடச்சுதா? யாரு வீட்டு எலி?"

பிலோமினாக்கா குனிந்து அந்தக் கம்பளியை மொத்தமாக அள்ளினார். அடுப்புக்குள் போட்டார்.

"யார் வீட்டு எலியா இருந்தா என்னலா? போயிருச்சு" என்றார். "கொழந்தைய பனியில நிறுத்தாத, உள்ள போ."

கம்பளி எரிகிற நாற்றம் எல்லோருக்கும் தெரியும். முடி கருகுகிற மாதிரி. நான் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "அது எங்க வீட்டு மஃப்ளர்" என்று சொல்ல நாலு வார்த்தை போதும். சொல்லவில்லை. ஜெசிந்தா போய்விட்டாள்.

மாதம் முடிந்தது. எல்லோரும் புதிதாக அரிசி கொண்டுவந்து போட்டார்கள். சூசைத் தாத்தாவுக்குப் பை நிறையவே போனது. சவரி பெட்டிக்குப் பின்னால் தகரம் வைத்து ஆணி அடித்தார். அடுத்த அக்டோபர் வரை பெட்டியை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. இனி வேறு வீடு என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அதை விரும்பினேன் என்றே சொல்ல வேண்டும்.

"ரீத்தா வீட்டுலயே இருக்கட்டும்" என்றார் பிலோமினாக்கா, எல்லோர் முன்னாலும். "அங்கதான் சுத்தம்."

அவர் முகத்தில் கேலி இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இந்தப் பத்திரிகையை வாரா வாரம் எனக்கு முன்னால் படித்துவிடுகிறவர் அவர். இதையும் படிப்பார்.

பெட்டி இப்போது சாமான் அறையில், அதே இடத்தில் இருக்கிறது. கீழ் அறை காலி, பூட்டவில்லை. காலையில் அரிசி எடுக்கப் போகும்போது டின்னைத் திறப்பதற்கு முன், பெட்டியின் பக்கவாட்டில் காதை வைக்கிறேன். ஒன்றும் கேட்பதில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நிற்கிறேன்.